திறமைக்கு ஏற்ற பெயர் கிடைக்காத நடிகர்கள் யார் யார்? வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, செய்யாறு பக்கத்து நண்பர்கள் வாங்க

பாலாற்றங்கரை (காட்பாடி)

நாலு பேர் சேர்ந்து சினிமா பேசினால் பேச்சு ஹீரோக்களைத் தாண்டுவதில்லை. எந்தப் படம் எத்தனை கோடி, முதல் காட்சி எத்தனை மணிக்கு, அதோடு சரி. படத்தைத் தாங்கிப் பிடித்தவர் யார் என்று கேட்டால், "அவர்தாங்க, அந்த அப்பா வேஷத்துல வருவாரே" என்கிறார்கள். பெயர் வாயில் வராது. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. அதனால்தான் இந்த இழை.

என் முதல் ஓட்டு பசுபதிக்கு.

'விருமாண்டி' (2004) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே சம்பவங்களை முதலில் கொத்தாளத் தேவர் சொல்கிறார், அப்புறம் விருமாண்டி சொல்கிறான். கமலுக்கு இரண்டு விருமாண்டி என்றால் பசுபதிக்கும் இரண்டு கொத்தாளன். தன் வாயால் சொல்லும்போது நியாயஸ்தன். அடுத்தவன் சொல்லும்போது அதே ஆள் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே சிரிக்கிறவன். மீசையும் சட்டையும் மாறுவதில்லை. கண் எங்கே போய் நிற்கிறது, பேசி முடித்த பிறகு முகம் எப்படி இறுகுகிறது, அதில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அடுத்து 'வெயில்' (2006). சினிமா பார்க்கப் போன குற்றத்துக்காக அப்பா கொளுத்தும் வெயிலில் கட்டிப்போட, வீட்டை விட்டு ஓடிப் போகிற பையன், தியேட்டர் ஆபரேட்டர் ஆகிறான். கடைசியில் அந்தத் தியேட்டரும் போய், வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தயங்குகிற ஆளாகப் பசுபதி நிற்கிறார். தோற்றுப்போன மூத்த மகன் எப்படி நிற்பான் என்பது அந்த உடம்பிலேயே தெரிகிறது. அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோதுதான் ஊரே அவர் நடித்த ரங்கன் வாத்தியாரைக் கொண்டாடியது. கபிலன் சைக்கிள் மிதிக்க, பின்னால் அவர் உட்கார்ந்து போகிற படத்தை மீம் போடாத ஆள் இல்லை. நல்லது. ஆனால் நடுவில் பதினைந்து வருஷம் அவருக்கு நாம் கொடுத்தது என்ன? 'அரவான்', 'அசுரன்' மாதிரி ஒன்றிரண்டு போக மிச்சமெல்லாம் அவர் உயரத்துக்கு வராத வேடங்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

உங்கள் பட்டியலில் யார்? வெறும் பெயரை மட்டும் எழுதாமல், எந்தக் காட்சி, எதனால் என்றும் எழுதுங்கள்.

செய்யாற்றுக்காரன்

அண்ணே, நீங்கள் பசுபதி என்று எழுதினதும் எனக்குப் புரிசைதான் ஞாபகம் வந்தது. எங்கள் செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம். தெருக்கூத்து என்றால் புரிசை கண்ணப்ப தம்பிரான் பெயரைச் சொல்லாமல் முடியாது.

1977-ல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர் தேடிப் போனது நம்ம வட ஆற்காட்டுக் கூத்தைத்தான். கண்ணப்ப தம்பிரானிடம் அங்கே இருந்த நடிகர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள்தான் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல் எல்லாரும். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைப் பார்த்துப் பழகியவர். ந. முத்துசாமிக்கு 2012-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2018-ல் அவர் காலமானார். இன்றைய தமிழ் சினிமா நடிப்பில் எங்கள் பக்கத்து மண்ணுக்கும் பங்கு இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன். நம்ம பிள்ளைகளுக்கே இது தெரியாது.

கூத்தில் ஒரு வேடம் சபைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் திரையைப் பிடிப்பார்கள். ராஜா திரைக்குப் பின்னால் நின்றே பாடுவார், ஆடுவார். நமக்குத் தெரிவது மேலே கிரீடம், கீழே சலங்கை கட்டின கால், அவ்வளவுதான். முகத்தைக் காட்டுவதற்கு முன்பே இவன் துரியோதனனா தருமனா என்று குரலிலும் அடவிலும் தெரிந்துவிட வேண்டும். அந்தப் பாடம் படித்தவனுக்கு குளோசப் வேண்டியதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால்கூட நடிப்பான்.

குரு சோமசுந்தரத்தைப் பாருங்கள். 'ஆரண்ய காண்டம்' (2011) படத்தில் காளையன். சேவல் சண்டைக்காரன், குடிகாரன், பிள்ளை முன்னால் அவமானப்படுகிற அப்பன். அப்புறம் 'ஜோக்கர்' (2016) படத்தில் மன்னர் மன்னன். தன்னை நாட்டின் ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டு போராடுகிறவன். பைத்தியக்காரன் என்று ஊர் சொல்லும், ஆனால் அவன் பேச்சில் ஒரு இடத்தில்கூடப் பிசிறு இருக்காது. சிரிக்க ஆரம்பித்தவனை அழ வைக்கிற நடிப்பு அது. 'ஜோக்கர்' சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது வாங்கியது. இங்கேயும் அதே கதை: படத்துக்கு உண்டு, படத்தைச் சுமந்த ஆளுக்கு இல்லை. அப்புறம் 2021-ல் 'மின்னல் முரளி' வந்து, அவர் நடித்த ஷிபுவைக் கேரளமே தூக்கி வைத்துக் கொண்டாடியது. நம்ம ஆளின் அருமை நமக்கு மலையாளப் படம் வழியாகத் தெரிய வேண்டியிருந்தது.

இன்னொருவர் பாலா சிங். கூத்துக் கலைஞர்களின் கதையை வைத்து நாசர் இயக்கிய 'அவதாரம்' (1995) படத்தில் தமிழுக்கு அறிமுகமானவர். 2019-ல் போய்விட்டார். அவரைப் பற்றி யாராவது ஒரு முழுக் கட்டுரை எழுதினால் நன்றாக இருக்கும்.

கோட்டைமதில் (வேலூர்)

தம்பி சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூத்துப்பட்டறை முத்திரை இருந்தால்தான் பெரிய நடிகர் என்ற மாதிரி பேச்சு போகக்கூடாது. அதற்கு முன்பே கம்பெனி நாடகத்தில் உருவான தலைமுறை ஒன்று இருந்தது. இந்த அநியாயம் அவர்கள் காலத்திலிருந்தே தொடர்கிறது.

டி.எஸ். பாலையாவைச் சொல்கிறேன். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் தன் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் படத்துக்குக் கதை சொல்கிற காட்சி எல்லாருக்கும் மனப்பாடம். நாகேஷின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்த தடவை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு அதில் வசனம் ரொம்பக் குறைவு. முதலில் அலட்சியமாகக் கேட்கிறார், அப்புறம் காது கொடுக்கிறார், அப்புறம் பயத்தை மறைக்கப் பார்க்கிறார், கடைசியில் மறைக்க முடியாமல் போகிறது. கேட்கிறவர் பயப்படுவதால்தான் சொல்கிறவரின் கதை எடுபடுகிறது. அடுத்த வருஷமே 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதர். அந்தப் பாட்டில் தலை ஆட்டுவதிலும் கை வீசுவதிலும் உள்ள கர்வத்தைப் பாருங்கள். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர். மூன்றும் ஒரே மனிதர் என்று நம்புவதற்கே கஷ்டம்.

இவருக்கு ஏன் பெரிய விருது இல்லை என்று கேட்டால், காரணம் ரொம்ப எளிமையானது. தேசிய விருதில் துணை நடிகருக்கான பிரிவே 1984-ல்தான் வந்தது. பாலையா 1972-ல் காலமானார், எஸ்.வி. ரங்காராவ் 1974-ல், எஸ்.வி. சுப்பையா 1980-ல். பிரிவு வருவதற்கு முன்பே அந்தத் தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. நாகேஷுக்கே 1994-ல் 'நம்மவர்' படத்துக்குத்தான் அந்த விருது கிடைத்தது. 'எதிர்நீச்சல்' காலத்து நாகேஷுக்கு வந்திருக்க வேண்டியது.

ராணிப்பேட்டை மருமகள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வருகிறேன், ஒரு பெண் பெயர் பேச்சுக்கு வந்ததா? கலைராணி பெயர் ஒரு வரியில் போய்விட்டது. சரி, நானே சொல்கிறேன்.

வடிவுக்கரசி. எங்கள் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் குடும்பத்து உறவு. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தில் சின்ன வேடம், 'கன்னிப் பருவத்திலே' (1979) படத்தில் கதாநாயகி. அப்போது அவருக்கு என்ன வயது இருக்கும்? அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

1985-ல் 'முதல் மரியாதை'. சிவாஜிக்கு மனைவி பொன்னாத்தா. சிவாஜி அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், இவர் முப்பதைத் தொடவில்லை. படம் முழுக்க சிவாஜி நடித்த மலைச்சாமி மேல் நமக்குப் பரிதாபம் வர வேண்டும் என்றால் பொன்னாத்தாவை நாம் வெறுக்க வேண்டும். அந்தப் பாரம் மொத்தமும் இவர் தலையில். கழுத்தை நொடிப்பதும், மூக்கால் இழுத்துப் பேசுவதும், சாப்பாட்டைத் தட்டில் வைப்பதிலேயே காட்டுகிற எகத்தாளமும், நம்ம தெருவில் குழாயடியில் பார்க்கிற பெண்ணைப் போலவே இருக்கும். என் மாமியார் இப்போதும் டிவியில் அந்தப் படம் ஓடினால் பொன்னாத்தாவைத் திட்டுவார். நடிப்பு ஜெயித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சிவாஜி, பாரதிராஜா, இளையராஜா, வைரமுத்து, ராதா என்று வரிசையாகச் சொல்லிவிட்டு இவர் பெயர் வருவதற்குள் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள்.

1997-ல் 'அருணாச்சலம்'. ரஜினிக்குப் பாட்டி. ரஜினியை விட வயதில் சின்னவர், கூன் விழுந்த கிழவியாக வந்து அவரை விரட்டுகிறார். அப்புறம் பத்து வருஷம் கழித்து 'சிவாஜி' படத்தில் அதே ரஜினிக்கு அம்மா. இதை ஒரு ஆண் நடிகர் செய்திருந்தால் 'உருமாற்றம்', 'அர்ப்பணிப்பு' என்று அட்டைப்படக் கட்டுரை வந்திருக்கும். பெண் செய்தால் 'அம்மா வேஷத்துக்குப் போயிட்டாங்க' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது.

எஸ்.என். லட்சுமி அம்மாவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மா, 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கை சும்மா இருக்காத பாட்டி, 'விருமாண்டி' பாட்டி. நாற்பது வருஷம் கிழவியாகவே நடித்தார். இளமையை எந்தப் படம் பார்த்தது?

ஆரணிப்பட்டு

அக்கா சொன்ன ஒவ்வொரு வரிக்கும் கை தட்டுகிறேன். நான் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். யோகி பாபு, ஆரணியில் பிறந்தவர்.

குடியாத்தத்துக்காரன்

யோகி பாபுவுக்கு என்ன சார் குறை? வருஷத்துக்கு எத்தனை படம்! போஸ்டரில் ஹீரோவுக்குப் பக்கத்தில் முகம். இந்த இழையில் அவர் பெயர் வருவது, வாய்ப்பே கிடைக்காத மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். இந்தப் பட்டியலில் அப்புக்குட்டி மாதிரி ஆட்கள்தான் இருக்க வேண்டும்.

ஆரணிப்பட்டு

நண்பரே, படம் நிறைய வருவதும் நடிப்புக்கு மதிப்பு வருவதும் ஒன்றா? அவர் நடித்ததில் எத்தனை படங்களில் அவர் தலைமுடியையும் உடம்பையும் வைத்துத்தானே சிரிப்பு? அந்த மாதிரி வசனம் எழுதுவதற்கு நடிகரே தேவையில்லை.

'மண்டேலா' பார்த்தீர்களா? 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் நேராக டிவியில் வெளியான படம். தியேட்டரில் வந்திருந்தால் இன்னும் பேசப்பட்டிருக்கும். ஊருக்கு முடிவெட்டுகிறவன், மரத்தடியில் படுத்துக்கிடக்கிறவன். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். எவன் எந்த வேலை சொன்னாலும் செய்கிறான். திடீரென்று அவன் ஒரு ஓட்டில் பஞ்சாயத்துத் தேர்தலே தொங்குகிறது. முதல் பாதியில் அவர் தோளைக் கவனியுங்கள். யாராவது கூப்பிட்டாலே லேசாக உள்ளே குறுகும், அடி விழுமோ என்று எதிர்பார்க்கிற உடம்பு. ஓட்டின் மதிப்பு தெரிந்து எல்லாரும் தாங்க ஆரம்பித்ததும் நடையில் கொஞ்சம் மிதப்பு வருகிறது. கடைசிப் பகுதியில் அந்த மிதப்பும் போய், தன்னை மனுஷனாக உணர்ந்தவன் நிற்கிறான். இந்த மூன்று நிலையையும் வசனம் இல்லாமலே காட்டுகிறார். படத்தில் அவருடைய வழக்கமான கவுன்ட்டர் ஒன்றுகூட இல்லை.

அந்தப் படத்துக்கு இரண்டு தேசிய விருது வந்தது. அறிமுக இயக்குநருக்கு ஒன்று, வசனத்துக்கு ஒன்று, இரண்டும் மடோன் அஷ்வினுக்கு. தகுதியான ஆள்தான், சந்தோஷம். ஆனால் மண்டேலாவாக வாழ்ந்தவர் அடுத்த வாரமே பழைய மாதிரி திட்டு வாங்குகிற வேடத்துக்குத் திரும்பிவிட்டார். எனக்கு வேண்டியது இன்னும் நாற்பது படம் இல்லை, இன்னொரு மண்டேலா.

குடியாத்தத்துக்காரன்

'மண்டேலா' நடிப்பு உயர்ந்தது, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் படத்தை வேண்டாம் என்று சொல்கிற வசதி இப்போது வந்துவிட்டது. அது இல்லாதவர்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்கிறேன். இதில் நான் மாறப்போவதில்லை.

ஏலகிரி

அப்புக்குட்டி பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன். 'அழகர்சாமியின் குதிரை' (2011) படத்தில் அழகர்சாமியே அவர்தான். கதை அவரையும் குதிரையையும் சுற்றித்தான் நடக்கிறது. தேசிய விருது கொடுத்தார்கள், ஆனால் துணை நடிகருக்கான பிரிவில்! குள்ளமான, கருத்த, ஊர்க்கார முகம் என்றால் கதாநாயகனாக நடித்தாலும் துணைதானா? அதற்குப் பிறகு அவருக்கு அந்த அளவுக்குக் கனமான வேடம் எதுவும் வரவில்லை. விருது வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எம்.எஸ். பாஸ்கர் கதை வேறு மாதிரி. எண்பதுகளிலிருந்து இருக்கிறார். டப்பிங் கலைஞர், 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' பட்டாபியாக வீடு வீடாகப் போனவர். '8 தோட்டாக்கள்' (2017) படத்தில் தன் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு நீண்ட பேச்சு வரும். குரல் உயரவே உயராது. அவமானங்களை வீட்டுச் செலவுக் கணக்கு ஒப்பிக்கிற தொனியில் சொல்லிக்கொண்டே போவார். எனக்குத் தெரிந்து அந்தப் பத்து வருஷத்தில் தமிழில் வந்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. அப்போதே கொடுத்திருக்கலாம். 'பார்க்கிங்' படத்துக்காக 2025-ல்தான் தேசிய விருது அறிவித்தார்கள். அந்தப் படத்திலும் ஓய்வு பெறப் போகிற அரசு அலுவலராக, நேர்மையும் அகங்காரமும் ஒரே ஆளிடம் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று காட்டியிருப்பார்.

மாநில விருதின் நிலை இன்னும் மோசம். 2009 முதல் 2014 வரை வந்த படங்களுக்கான விருதுகளை 2017-ல் அறிவித்து, 2022-ல்தான் கையில் கொடுத்தார்கள். நடிகருக்கு விருது உதவுவது அடுத்த படத்துக்குச் சம்பளம் பேசும்போதுதான். எட்டு, பத்து வருஷம் கழித்து வந்தால் வீட்டு அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

குரல் கலைஞர்களுக்குத் தேசிய விருதில் தனிப் பிரிவே கிடையாது. அக்கா சொன்ன 'முதல் மரியாதை'யிலேயே ராதாவுக்குக் குரல் ராதிகா. ராதா நடித்த குயிலின் பாதி உயிர் அந்தக் குரல்தானே?

பாலாற்றங்கரை

நான் நினைத்ததைவிட நல்ல பேச்சாகப் போகிறது. மருமகள் அக்காவுக்குத் தனி நன்றி. 'முதல் மரியாதை'யை இனி பொன்னாத்தாவுக்காக ஒருமுறை பார்ப்பேன்.

ஒருவரைச் சேர்க்க விரும்புகிறேன். வீதி நாடகத்திலிருந்து வந்த பூ ராமு. 'பூ' (2008) படத்தில் பேனாக்காரராக, மகனைப் பற்றிக் கனவு காண்கிற அப்பா. 'பரியேறும் பெருமாள்' படத்தில் கல்லூரி முதல்வர். நான் செருப்புத் தைக்கிறவன் மகன் என்று அவர் பரியனிடம் பேசுகிற இடத்தில் தியேட்டரே அமைதியானது. 'சூரரைப் போற்று' படத்தில் சாகக் கிடக்கிற அப்பா. 2022-ல் அவர் இறந்த பிறகுதான் பலருக்கு அவர் முழுப் பெயரும் பின்னணியும் தெரிந்தது. 'கடைசி விவசாயி' நல்லாண்டி ஐயாவுக்கும் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் போனதும் 'சிந்து பைரவி', 'நாயகன்', 'அவ்வை சண்முகி' என்று எல்லாரும் துணுக்கு வீடியோ போட்டார்கள். அதில் பாதிப் பேராவது முந்தின வருஷம் போட்டிருக்கலாம், அவரும் பார்த்திருப்பார்.

இருக்கிறவர்களில் ஜார்ஜ் மரியானை விட்டுவிடக் கூடாது. 'கைதி'யில் அந்த நெப்போலியன் ஏட்டு. பயத்தோடேயே தைரியமாக இருக்கிற ஆளை நான் தமிழ்ப் படத்தில் அதிகம் பார்த்ததில்லை.

கோட்டைமதில்

ஜார்ஜ் மரியானுக்கு என் ஓட்டும். துப்பாக்கியைப் பிடிக்கிற விதத்திலேயே அந்த மனிதரின் சர்வீஸ் முழுக்கத் தெரியும்.

அணைக்கட்டுப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் படிக்கிறேன், நண்பர்களோடு குறும்படம் எடுக்கிறேன். கதையில் ஒரு தாத்தா வேடம், ஒரு பாட்டி வேடம் இருக்கிறது. எங்கள் வயதுப் பையனுக்கே நரை பூசி எடுத்துவிடலாம் என்று இருந்தோம். இதைப் படித்த பிறகு அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நம்ம பக்கத்துக் கூத்துக் கலைஞர்களைக் கேட்டால் வருவார்களா? அவர்கள் உரக்க நடிப்பார்களே, கேமராவுக்கு ஒத்து வருமா? எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

செய்யாற்றுக்காரன்

வருவார்கள் தம்பி, மரியாதையாகக் கேட்டால் போதும். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் மட்டும் கேட்காதே. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிற சீசன், விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில்தான் தூங்குவார்கள். வருஷத்துக்கான வருமானமும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் போ.

உரக்க நடிப்பார்கள் என்ற பயம் வேண்டாம். மைக் இல்லாத காலத்திலிருந்து கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பாடிப் பழகினவர்கள், அதனால் சத்தம் இருக்கும். கேமரா இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, நான் மட்டும்தான் கேட்கிறேன் என்று சொல்லி ஒருமுறை எடுத்துப் போட்டுக் காட்டு. பெரும்பாலும் இரண்டாவது டேக்கிலேயே பிடித்துக்கொள்வார்கள். கட்டியக்காரன் வேடம் கட்டுகிறவராகத் தேடு. அவர்தான் சபையில் இயல்பாகப் பேசுகிற ஆள், எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் பதில் வைத்திருப்பார். பாட்டிக்கு ஆண் கலைஞரைப் போட வேண்டாம், கூத்தில் இப்போது பெண்களும் ஆடுகிறார்கள், வாத்தியாரிடமே விசாரி.

சம்பளத்தை முதலிலேயே பேசிவிடு, ஒரு ராத்திரிக் கூத்துக்கு என்ன வாங்குகிறாரோ அதற்குக் குறையாமல். அப்புறம் டைட்டிலில் 'மற்றும் பலர்' என்று போட்டுவிடாதே. ஊர்ப் பெயரோடு முழுப் பெயரையும் போடு. முடித்ததும் லிங்க்கை இங்கேயே கொடு, நாங்கள் எல்லாரும் பார்க்கிறோம்.